மலையைப் படித்த மேதை
ஹம்போல்ட் வாழ்க்கை வரலாறு

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலில் ஒரு குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதற்கு ஒரு மனிதரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் வாழும் பென்குவின் பறவைக்கும் அவர் பெயர்தான். சந்திரனில் உள்ள ஒரு கரிய சமவெளிக்கும் அதே பெயர்!

அவர் நாடு பிடித்த ராஜாவா? இல்லை. போரில் வென்ற தளபதியா? அதுவும் இல்லை. பாரமானியையும் உஷ்ணமானியையும் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறியவர். அவர் பெயர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்.

மலையில் உள்ள காட்டுக்கும் கீழே ஓடும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆற்றுக்கும் மனிதனின் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? இதை அளந்து பார்த்து உலகத்துக்குச் சொன்னவர் அவர். அதற்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தார். தம் சொத்து முழுவதையும் செலவழித்தார்.

சின்ன மருந்துக்கடைக்காரர்

ஹம்போல்ட் 1769-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா நாட்டின் தலைநகரம். இப்போது ஜெர்மனியின் தலைநகரம்.

பணக்காரக் குடும்பம். தகப்பனார் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அலெக்சாண்டருக்கு ஒன்பது வயது ஆனபோது அவர் இறந்துவிட்டார். தாயார் கண்டிப்பானவர். பிள்ளைகள் இருவரும் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக்கே ஆசிரியர்களை வரவழைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கச் செய்தார்.

அண்ணன் வில்ஹெல்ம் படிப்பில் கெட்டிக்காரர். தம்பிக்கோ புத்தகத்தில் மனம் செல்லவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த காட்டில் திரிவார். செடி, பூச்சி, கிளிஞ்சல், கல் எல்லாவற்றையும் சட்டைப் பை நிறையப் பொறுக்கி வருவார். அவற்றைத் தம் அறையில் வரிசையாக அடுக்கி வைப்பார். வீட்டில் இருந்தவர்கள் அவருக்குச் சின்ன மருந்துக்கடைக்காரர் என்று கேலிப் பெயர் வைத்தார்கள்.

சுரங்கத்தில் உத்தியோகம்

தாயாரின் விருப்பப்படி அவர் உத்தியோகத்துக்குப் படித்தார். ஆனால் தமக்குப் பிடித்த உத்தியோகத்தைத் தேர்ந்தெடுத்தார். பிரைபெர்க் என்ற ஊரில் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதில் பிரஷ்ய அரசாங்கத்தின் சுரங்க அதிகாரி ஆனார்.

அந்தக் காலத்தில் சுரங்க வேலை செத்துப் பிழைக்கும் வேலை. நச்சுக் காற்றில் மூச்சு முட்டி மாண்டவர்கள் ஏராளம். ஹம்போல்ட் நச்சுக் காற்றிலும் அணையாத ஒரு விளக்கைச் செய்தார். சுவாசிக்க ஒரு கருவியும் செய்தார். அந்த விளக்கைத் தாமே சோதித்துப் பார்க்கச் சுரங்கத்துக்குள் போனார். மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார். நல்லவேளையாக அவரை வெளியே இழுத்துக் காப்பாற்றினார்கள்.

சுரங்கத் தொழிலாளருக்காக அவர் ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார். எழுத்து, கணக்கு, பாறைகளைப் பற்றிய அறிவு எல்லாம் அங்கே இலவசமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டன. முதலில் அதற்கு வேண்டிய பணத்தைத் தம் கையிலிருந்தே கொடுத்தார்.

1796-ம் ஆண்டில் தாயார் காலமானார். ஹம்போல்டின் பங்குக்குப் பெரிய சொத்து வந்தது. வேறொருவராக இருந்தால் மாளிகை கட்டி உட்கார்ந்திருப்பார். ஹம்போல்ட் உத்தியோகத்தை விட்டார். சிறு வயது முதல் கனவு கண்ட தூர தேசப் பிரயாணத்துக்குக் கிளம்பினார்.

கப்பல் ஏறினார்

பாரிஸ் நகரில் போன்பிளான் என்ற பிரெஞ்சுக்காரர் அவருக்கு நண்பரானார். செடி கொடி பற்றிய அறிவில் போன்பிளான் நிபுணர். இருவரும் ஸ்பெயின் நாட்டுக்குப் போனார்கள். அப்போது தென் அமெரிக்காவின் பெரும் பகுதி ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வெளிநாட்டார் அங்கே நுழைவது கஷ்டம். செலவு முழுவதும் தம்முடையது என்று ஹம்போல்ட் சொன்னார். மன்னர் அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்.

1799-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி கப்பல் புறப்பட்டது. ஹம்போல்டிடம் 40-க்கும் மேற்பட்ட கருவிகள் இருந்தன. உயரத்தை அளக்க ஒன்று. குளிரை அளக்க ஒன்று. வானத்தின் நீல நிறம் எவ்வளவு கருப்பாகிறது என்று பார்க்கக்கூட ஒரு கருவி!

ஜூலை 16-ந் தேதி இன்றைய வெனிசுலா நாட்டின் கரையில் இறங்கினார்கள்.

வற்றிய ஏரி

வெனிசுலாவில் வலென்சியா என்று ஓர் ஏரி இருக்கிறது. சுற்றிலும் மலை. நடுவில் வளமான பள்ளத்தாக்கு. அங்கே கரும்பு, பருத்தி, நீலச் சாயத்துக்கான அவுரி எல்லாம் விளைந்தன.

1800-ம் ஆண்டில் ஹம்போல்ட் அங்கே போனார். ஊர் மக்கள் கவலையோடு இருந்தார்கள். ஏரி ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டே போயிற்று. முன்பு தண்ணீருக்குள் இருந்த மேடுகள் வெளியே தெரிந்தன. பூமிக்கு அடியில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் போய்விடுகிறது என்று பலர் நம்பினார்கள்.

ஹம்போல்ட் ஏரியைச் சுற்றிப் பார்த்தார். மலைச் சரிவுகளைப் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. காரணம் மேலே இருந்தது!

மலையில் இருந்த மரங்களைப் பயிர்த் தொழிலுக்காக வெட்டிவிட்டார்கள். மரம் இருந்தவரை மழைத் தண்ணீர் மெதுவாக மண்ணில் இறங்கியது. ஊற்றாகக் கசிந்து ஆண்டு முழுவதும் ஓடைகளை நிரப்பியது. மரம் போனதும் மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. மழை பெய்தால் திடீர் வெள்ளம். மண்ணும் வெள்ளத்தோடு போய்விடும். மழை நின்றால் ஓடை வறண்டு கிடக்கும். போதாததற்கு, ஏரிக்கு வரும் ஓடைகளை வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். பிறகு ஏரி எப்படி நிரம்பும்?

மலைமேல் மரத்தை வெட்டுகிறவன், தனக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு விறகுப் பஞ்சம், தண்ணீர்ப் பஞ்சம் இரண்டையும் தேடி வைக்கிறான் என்று அவர் எழுதினார். இன்று இது எல்லோருக்கும் தெரியும். அன்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

மனிதன் மேல் சவாரி இல்லை

பிறகு ஓரினோக்கோ ஆற்றில் ஓடத்தில் போனார்கள். கொசுக்கடி, காய்ச்சல், பசி. அதையும் தாண்டி, 1801-ம் ஆண்டில் ஆண்டீஸ் மலைத் தொடருக்கு வந்தார்கள். உலகத்திலேயே நீளமான மலைத் தொடர் ஆண்டீஸ். வடக்கிலிருந்து தெற்காக 4,000 மைலுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது.

கிந்தியோ என்ற கணவாயைக் கடக்க வேண்டும். குறுகிய சேற்றுப் பாதை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கூலியாட்கள் முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொள்வார்கள். பணக்காரர்கள் அதில் உட்கார்ந்து போவார்கள். மனிதன் முதுகில் மனிதன் சவாரி!

ஹம்போல்டும் போன்பிளானும் நாற்காலியில் ஏற மறுத்துவிட்டார்கள். நடந்தே போனார்கள். முள்ளும் மூங்கிலும் குத்திக் காலணிகள் கிழிந்துபோயின. வெறுங்காலோடு, ரத்தம் சொட்டச் சொட்ட மலையைக் கடந்தார்கள்.

சிம்பொராசோ

1802-ம் ஆண்டு ஜனவரியில் குயிட்டோ நகரை அடைந்தார்கள். இன்று அது ஈக்வடார் நாட்டின் தலைநகரம். அதைச் சுற்றிலும் எரிமலைகள். ஹம்போல்ட் ஒவ்வொன்றாக ஏறினார்.

எல்லாவற்றிலும் பெரியது சிம்பொராசோ. உயரம் 20,500 அடிக்கு மேல். உச்சியில் எப்போதும் பனிக்கட்டி. உலகத்திலேயே உயரமான மலை அதுதான் என்று அப்போது நினைத்தார்கள். இமயமலையின் உயரம் அன்று சரியாகத் தெரியாது.

ஜூன் 23-ந் தேதி ஹம்போல்ட், போன்பிளான், குயிட்டோவைச் சேர்ந்த மொந்துபார் என்ற இளைஞர் ஆகியோர் புறப்பட்டார்கள். முதலில் கோவேறு கழுதைகளின் மேல் போனார்கள். பிறகு நடை. பனி தொடங்கும் இடத்துக்கு வந்ததும் சுமை தூக்கியவர்கள் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒரு ஊர்க்காரர் மட்டும் கூடவே வந்தார்.

பாதை கத்தி முனைபோல் குறுகிவிட்டது. சில இடங்களில் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு பக்கம் வழுக்கும் பனிச் சரிவு. மறு பக்கம் அதல பாதாளம். கைகளை ஊன்றித் தவழ்ந்து போனார்கள். கூரிய பாறைகள் உள்ளங்கையைக் கிழித்தன. ஹம்போல்டின் காலில் முன்பே புண். மூடுபனியால் அடுத்த ஆள்கூடத் தெரியவில்லை.

மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகிவிடும். மூச்சு வாங்கும். தலை சுற்றும். வாந்தி வரும்போல் இருக்கும். அவர்களுக்குக் கண்கள் சிவந்தன. ஈறுகளிலிருந்து ரத்தம் கசிந்தது. அந்த நிலையிலும், வழி நெடுக நின்று, விறைத்த விரல்களால் பாரமானியைப் பொருத்தி உயரத்தைக் குறித்துக்கொண்டார் ஹம்போல்ட்.

திடீரென்று மூடுபனி விலகியது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது! ஓடிப்போய்த் தொட்டுவிடலாம்போல் இருந்தது. ஆனால் குறுக்கே ஒரு பெரிய பிளவு. தாண்ட வழியே இல்லை.

பாரமானியைப் பார்த்தார். அவர் கணக்குப்படி அந்த இடம் 19,286 அடி உயரம். அவ்வளவு உயரத்தில் நின்ற ஐரோப்பியர் அதுவரை எவரும் இல்லை. பழைய இன்கா மக்கள் ஆண்டீஸ் மலையில் அதைவிட உயரமான சிகரங்களில் ஏறி வழிபட்டிருக்கிறார்கள் என்பது பிற்காலத்தில்தான் தெரிய வந்தது.

இறங்கும்போது ஆலங்கட்டி மழையும் பனியும் கொட்டின. உயிரோடு திரும்பியதே பெரிய காரியம்.

சிம்பொராசோவின் உச்சியை 1880-ம் ஆண்டில்தான் மனிதர்கள் தொட்டதாகப் பதிவு இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் விம்பர் என்பவர் தலைமையில் மூவர் ஏறினார்கள்.

ஒரு மலை, ஓர் உலகம்

உச்சியைத் தொடாவிட்டாலும் ஹம்போல்ட் வெறுங்கையோடு இறங்கவில்லை. பெரிய உண்மை ஒன்று அவருக்குத் தெளிவாகிவிட்டது.

ஆண்டீஸ் மலையின் அடியில் வெயில் கொளுத்தும். வாழையும் கரும்பும் விளையும். கொஞ்சம் மேலே போனால் சோளமும் கோதுமையும். இன்னும் மேலே உருளைக்கிழங்கு. அதற்கும் மேலே மரமே கிடையாது. புல்வெளிதான். பிறகு பாறையில் ஒட்டியிருக்கும் பாசி. கடைசியில் பனிக்கட்டி.

ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் குறையும். அதற்கு ஏற்றபடி செடி மாறுகிறது. செடிக்கு ஏற்றபடி மிருகம் மாறுகிறது. மனிதனின் உணவும் உடையும் தொழிலும் மாறுகின்றன. அடுப்படிகூட மாறுகிறது! குயிட்டோ போன்ற உயரமான ஊரில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கிழங்கு வேக அதிக நேரம் ஆகும்.

வெப்ப நாட்டிலிருந்து துருவத்துக்குப் போனால் பல ஆயிரம் மைல் பிரயாணத்தில் என்னென்ன மாறுதல்களைக் காண்போமோ, ஏறத்தாழ அவை எல்லாம் ஒரே மலையில் இருக்கின்றன. இதைத்தான் ஹம்போல்ட் கண்டார்.

இதை அவர் ஒரு படமாகப் போட்டார். மலையைக் குறுக்கே வெட்டியதுபோல் சிம்பொராசோவின் படம். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் மேலேயே பெயர் எழுதினார். இரண்டு பக்கமும் கட்டம் போட்டு உஷ்ணம், காற்றின் அழுத்தம், ஈரம், விளையும் பயிர் எல்லாவற்றையும் குறித்தார். இந்தப் படம் 1807-ம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. பத்துப் புத்தகத்தில் சொல்ல வேண்டியதை ஒரே தாளில் சொல்லிவிட்டது.

பூகோளப் பாடத்தில் ஒரே உஷ்ணமுள்ள ஊர்களை இணைத்து வளைகோடு போட்டுக் காட்டுகிறார்கள் அல்லவா? அந்தச் சம உஷ்ணக் கோட்டை 1817-ம் ஆண்டில் கொண்டுவந்தவரும் ஹம்போல்ட்தான்.

சொத்து போயிற்று

ஐந்து ஆண்டுப் பிரயாணம் முடிந்து 1804-ம் ஆண்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கொண்டுவந்த காய்ந்த செடி மாதிரிகள் ஏறத்தாழ 60,000.

பாரிஸில் தங்கிப் புத்தகம் எழுதத் தொடங்கினார். உயர்ந்த காகிதம், வண்ணப் படங்கள். எழுதி முடிக்க முப்பது ஆண்டு ஆயிற்று. தகப்பன் வழி, தாய் வழி வந்த சொத்து எல்லாம் பிரயாணத்திலும் அச்சுக் கூலியிலும் கரைந்துவிட்டது. கடைசியில் பிரஷ்ய மன்னர் கொடுத்த சம்பளத்தில்தான் வாழ வேண்டியிருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் புத்தகங்களில் மலையும் செடியும் மட்டும் இல்லை. ஆடு மாடுகளைப்போல் மனிதர்களைச் சந்தையில் விற்றதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அடிமை வியாபாரத்தையும் குடியேற்ற ஆட்சியின் கொடுமையையும் கண்டித்து எழுதினார். இது பலருக்குப் பிடிக்கவில்லை.

கிடைக்காத இமயமலை

ஆண்டீஸ் மலையைப் பார்த்தாகிவிட்டது. அங்கே கண்ட உண்மை மற்ற மலைகளுக்கும் பொருந்துமா? அதற்கு இமயமலையைப் பார்க்க வேண்டும். சிம்பொராசோவைவிட இமயமலைச் சிகரங்கள் உயரமானவை என்ற செய்தியும் வந்துவிட்டது. ஹம்போல்டுக்கு ஆவல் பொங்கியது.

அப்போது இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. அனுமதி கேட்டு அவர் லண்டனுக்குப் போனார். ஒரு முறை அல்ல, பல முறை. பிரஷ்ய மன்னர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். கம்பெனி மட்டும் இடம் கொடுக்கவில்லை. குடியேற்ற ஆட்சியை அவர் கண்டித்து எழுதியதுதான் காரணம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஆண்டுகள் ஓடின. இமயமலையைப் பார்க்காமலே அவர் முதுமை அடைந்தார்.

1829-ம் ஆண்டில் ரஷ்யப் பேரரசர் அழைத்தார். அப்போது ஹம்போல்டுக்கு 60 வயது ஆகப்போகிறது. குதிரை வண்டியில் யூரல் மலைக்கும் அல்தாய் மலைக்கும் போனார். சீன எல்லையையும் தொட்டுத் திரும்பினார். அந்த ஆறு மாதத்தில் சுமார் 10,000 மைல்! யூரல் மலையில் வைரம் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஆண்டே அங்கே வைரம் கிடைத்தது.

இந்தப் பிரயாணத்தைப் பற்றி 1843-ம் ஆண்டில் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை செய்தார். மனிதன் காடுகளை அழிக்கிறான். தண்ணீர் ஓடும் வழியை மாற்றுகிறான். தொழில் நகரங்களில் ஏராளமான நீராவியையும் வாயுக்களையும் காற்றில் விடுகிறான். இவற்றால் சீதோஷ்ண நிலையே மாறும் என்று எழுதினார். புகைவண்டிகள் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தன!

விதை முளைத்தது

ஹம்போல்ட் வர முடியாத இந்தியாவுக்கு அவர் எழுத்து வந்தது. கம்பெனியின் மருத்துவர்களாக இங்கே வேலை பார்த்த சிலர் அவர் நூல்களைப் படித்தார்கள். காட்டை அழித்தால் மழையும் ஊற்றும் குறையும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் கிளெக்கார்ன். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவர நூல் ஆசிரியராக இருந்தவர். 1856-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்கும் அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார்.

இங்கிலாந்தின் டார்வின் கப்பலில் உலகம் சுற்றக் கிளம்பியபோது ஹம்போல்டின் பிரயாண நூலைக் கையோடு கொண்டுபோனார்.

ஹம்போல்ட் முதுமையிலும் உழைப்பை விடவில்லை. வானத்து நட்சத்திரம் முதல் தரையில் உள்ள பாசி வரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் காஸ்மாஸ் என்ற பெருநூலை எழுதினார். முதல் பாகம் வந்தபோது அவருக்கு 75 வயது. ஐந்தாம் பாகம் முடிவதற்குள், 1859-ம் ஆண்டு மே 6-ந் தேதி, பெர்லினில் காலமானார். வயது 89. பெர்லின் வீதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி அவருக்குக் கடைசி மரியாதை செய்தார்கள். சொந்தமாக இருந்த சாமான்களையும் அவர் தம் வேலைக்காரருக்கு எழுதி வைத்திருந்தார்.

செடிகள் ஏறுகின்றன

அவர் போட்ட படத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2012-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் சிலர் சிம்பொராசோவுக்குப் போனார்கள். ஹம்போல்ட் குறித்த உயரத்தில் அதே செடிகள் இருக்கின்றனவா என்று தேடினார்கள். செடிகள் மேலே போயிருந்தன! 210 ஆண்டுகளில் 1,600 அடிக்கும் மேல் ஏறிவிட்டன என்று முதலில் கணக்கிட்டார்கள். ஹம்போல்டின் பழைய குறிப்புகளில் பல, அண்டிசானா என்ற வேறொரு மலையில் எடுக்கப்பட்டவை என்று 2019-ம் ஆண்டில் தெரிந்தது. திருத்திய கணக்கில் ஏற்றம் 700 அடி முதல் 870 அடி வரை இருந்தது. அளவு குறைந்தாலும் செடிகள் ஏறியது உண்மை.

காரணம் என்ன? பூமியின் உஷ்ணம் கூடுகிறது. குளிரில் வாழும் செடி குளிரைத் தேடி மேலே போகிறது. சிம்பொராசோவின் பனிக்கட்டியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. பனி உருகி வரும் தண்ணீரை நம்பி மலையடியில் குடியானவர்கள் பயிர் செய்கிறார்கள். பனி குறைந்தால் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் குறையும். மேலே ஏறும் செடிக்கும் உச்சிக்கு அப்பால் போக இடம் இல்லை.

அன்று ஹம்போல்ட் விறைத்த விரல்களோடு உயரத்தையும் செடிகளையும் குறித்து வைத்தார். அதனால்தான் மலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது இன்று நமக்குத் தெரிகிறது.